நான்கு நிமிடப் பொறுமை

குலசேகரம்
ஜூன் 29

பிரீனாவின் அப்பாவுக்கு, லீலாபாய் எழுதுவது.

நம் சபையின் கமிட்டி சென்ற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பிறகு கூடி, இரண்டு மணி நாற்பது நிமிடம் விவாதித்து, ஒன்பதுக்கு நான்கு என்ற வாக்குகளில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. உங்களுக்காகவும், நீங்கள் சத்தீஸ்கர் காட்டில் நடத்தும் போருக்காகவும் வாராவாரம் ஏறெடுக்கப்படும் நான்கு நிமிட விசேஷ ஜெபம் இனி ஒரு நிமிடமாக இருக்கும். தீர்மானம் உடனே அமலுக்கு வருகிறது. மினிட் புத்தகத்தில் எழுதி, போதகர் கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்தாயிற்று. எதிர்த்து வாக்களித்த நால்வரில் மூன்று பேர் எந்தத் தீர்மானத்தையும் எதிர்ப்பவர்கள். நான்காவது நான்.

இரண்டு வருடம் முன்பு உங்கள் முகாமைத் தாக்கிய செய்தி பத்திரிகையில் வந்தபோது சபை முழுவதும் எழுந்து நின்று ஜெபித்தது. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தவர்கள்கூட உண்டு. வாலிபர் சங்கம் சத்தீஸ்கர் வரைபடம் ஒன்று வாங்கி ஹாலில் மாட்டியது. ஆறு மாதத்தில் அந்த ஆணியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத் தொங்கவிட்டார்கள். ஒரே ஆணிதான் இருந்தது.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பக்கத்துத் தோட்டத்து ஜெபதாஸ் அண்ணன். நான்கு நிமிடத்தால் பத்தே முக்கால் பஸ் போய்விடுகிறது, அடுத்தது பதினொன்றரைக்குத்தான் என்று நியாயத்தை எடுத்து வைத்தார். "தீருத சண்டைன்னா இன்னும் ரெண்டு நிமிஷம் கூடக் குடுக்கலாம். தீராத சண்டைக்கு எவ்வளவு நாளு நிக்கது?" என்று கேட்டார். ரோட்டிலிருந்து நம் வாசல் வரை வழியின் இரண்டு பக்கமும் ரப்பர் நட்டுவிட்டு, அது பால் வெட்டும் பருவத்துக்கு வரக் கிட்டத்தட்ட ஏழு வருடமாக முணுமுணுக்காமல் காத்திருக்கிறவர் இவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

இனி என் விஷயம். மே மாதம் முப்பது நாள் லீவில் வந்தீர்கள். பத்தொன்பதாம் நாள் காலையில் பெட்டியைக் கட்டினீர்கள். காரணம் கேட்டேன். அவசரமாக அழைக்கிறார்கள் என்றீர்கள். போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து வீட்டு முகவரிக்கு நகல் வந்தது. விருப்ப ஓய்வு கேட்டுக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும், அது ஏற்கப்பட்டதாகவும் அதில் இருக்கிறது. இருபத்திரண்டு வருட சர்வீஸ் போதும், இனி வீட்டில் இருப்பேன் என்று சொன்னது யார்?

போன் செய்ய வேண்டாம். முகாமில் மூன்று நிமிடம்தான் தருவார்கள். சாப்பிட்டியா, மழை உண்டா, பிரீனா கூப்பிட்டாளா என்று மூன்றையும் தீர்த்துவிடுவீர்கள். எழுதுங்கள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்தில் ஆளுக்கு இருமல் வராது.

லீலாபாய்

—

முகாம்
ஜூலை 20

லீலா,

உன் கடிதம் ரேஷன் வண்டியோடு வந்தது. ஜெபத்தைக் குறைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு நிமிடமே அதிகம் என்று தோன்றுகிறது.

இங்கே மழை. ரோடு பாதி கரைந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். 'பொதுமக்கள் நம்பிக்கை', 'வெற்றி வாய்ப்பு' என்று இரண்டு கட்டங்கள். வெற்றி வாய்ப்புக்கு நேரே 'நன்று', 'மிக நன்று' என்று போட்டிருக்கும். ஒன்றை டிக் செய்தால் போதும்.

கிராமத்தார் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நாங்கள் வருவதற்கு முன், நாங்கள் தேடுகிற துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன் காட்டிலாகா வந்தது. ராத்திரி வருபவர்களுக்கும் பகலில் வருபவர்களுக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள்: தெரியாது. முகாம் வாசலில் ஒரு கைப்பம்பு போட்டுக்கொடுத்தோம். பெண்கள் குடத்தோடு அதைக் கடந்து ஓடைக்குப் போகிறார்கள். 'பம்பு பயன்பாட்டில் உள்ளதா' என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதினேன். நாங்கள் பயன்படுத்துகிறோம்.

இந்த மாதிரிப் போரில் பொறுமை அதிகம் உள்ளவன்தான் ஜெயிப்பான் என்று கமாண்டன்ட் ஒரு மணி நேரம் பேசினார். மறு வாரம் அவருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தது. புதியவர் ஒரு தேதியோடு வந்திருக்கிறார். அந்தத் தேதிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தேதியைப் பெரிதாக எழுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம், இங்கே ஆள் குறைவு.

பால் வெட்ட வரும் கபிரியேல் நம் ரப்பர் மரங்களுக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டிவிட்டானா?

களியக்காவிளைப் பக்கத்தில் ஷிபின் என்று ஒருத்தன். இருபத்தாறு வயது. என்னோடு இங்கே இருந்தான். கால் போய்விட்டது. முடிந்தால் ஒருமுறை போய்ப் பார். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

செல்வதாஸ்

—

குலசேகரம்
ஆகஸ்ட் 17

பிரீனாவின் அப்பாவுக்கு,

ஆள் குறைவு என்பதை வாசித்தேன். இங்கேயும் அதே நிலைதான். ஐந்து அறை உள்ள வீட்டில் ஓர் ஆள். பிரீனா பெங்களூர் ஹாஸ்டலிலிருந்து ஞாயிறு மாலை கூப்பிடுகிறாள். மற்ற ஆறு நாளும் நானும் ஃப்ரிட்ஜும்தான் சத்தம் போடுகிறோம்.

பதினொன்றாம் வகுப்புக்கு நூறாண்டுப் போர் நடத்தினேன். உண்மையில் அது நூற்றுப் பதினாறு வருடம் நடந்தது. இரண்டு பீரியடில் முடித்துவிட்டேன். கடைசிப் பெஞ்சில் ரேஷ்மி என்றொரு பெண், "டீச்சர், நூறு வருஷம் அங்கெயுள்ள ஆளுக சும்மாவா இருந்தாங்க?" என்று கேட்டாள். பாடப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. பரீட்சைக்கு வராது என்று சொல்லி உட்காரவைத்தேன்.

சபைச் செய்தி: ஒரு நிமிடமும் போய்விட்டது. இப்போது நோயாளிகள், பரீட்சை எழுதுவோர், வளைகுடாவில் இருப்போர் ஆகியோருக்குப் பின்னால், 'மற்றும் தூரத்திலுள்ள அனைவரும்' என்பதில் நீங்கள் வருகிறீர்கள். பெயர் பட்டியலில் இருக்கிறது, வாசிப்பது இல்லை.

மே மாதத்தை நினைத்துப் பார்த்தேன். எனக்கு வேறு வேலை இல்லை. வீட்டின் மூன்று பக்கமும் நம் ரப்பர் தோட்டம். வந்த நாளிலிருந்து நீங்கள் அந்த மூன்று பக்கமும் இறங்கவில்லை. லீவில் வந்தால் கிணற்றடியில்தான் குளிப்பேன் என்று துண்டோடு ஓடுகிறவர், பதினெட்டு நாளும் குளியலறைக் குழாயில் குளித்தீர்கள். ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட்டை எட்டிப் பார்க்கவில்லை. பின்பக்க ஜன்னலைச் சாத்தினீர்கள், கொசு என்றீர்கள். முன்வாசலில் இறங்கி, ஜெபதாஸ் அண்ணனின் வெட்டாத இளமரங்களுக்கு நடுவே உள்ள வழியாக ரோட்டுக்குப் போய், இருட்டும்வரை டீக்கடையில் இருந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறீர்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு காரணம் கிடைக்கிறவரை.

ஷிபின் யார்? யாரோ ஒருவரைப் போய்ப் பார், நான் சொன்னதாகச் சொல்லாதே என்றால், நான் என்னவென்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறுவது? முழுதாக எழுதுங்கள். டிசம்பர் வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு பிரீனாவோடு பெங்களூரில் வீடு பார்த்துக்கொள்வதாக இருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஒரு பெண்பிள்ளை காத்திருந்தது போதாது என்றால், அதற்கும் கமிட்டி கூட்டித் தீர்மானம் போடுங்கள்.

லீலாபாய்

—

முகாம்
செப்டம்பர் 8

லீலா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

வண்டிகள் போவதற்கு முன், கண்ணிவெடி இருக்கிறதா என்று ரோட்டை நடந்து பார்க்க வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள் காலை நான் முதல் ஆள். பத்தடி பின்னால் ஷிபின். அவனுக்குப் பின்னால் ராஜஸ்தான்காரன் ஒருவன். ரோட்டோரம் ஒரு மரம். அதன் அடியில், முழங்கால் உயரத்தில், ஒரு கம்பி சுற்றியிருந்தது.

நான் அதைப் பார்த்தேன் லீலா. மறைந்திருக்கவில்லை. நன்றாகப் பார்த்தேன். ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டை எங்கேயோ விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பிறந்ததிலிருந்து கம்பி கட்டி, அதில் சிரட்டை வைத்த ரப்பர் மரத்தைப் பார்த்து வளர்ந்தவன். கம்பி இருக்கும் மரம் எனக்கு வெறும் மரம். கடந்து போனேன். பின்னாலிருந்து ராஜஸ்தான்காரன் கத்தினான். அவன் ஊரில் மரமே அபூர்வம். மரத்தில் கம்பி இருந்தால் நின்று பார்ப்பான். அவன் கத்தி முடிப்பதற்குள் ஷிபின் கால் வைத்த இடம் வெடித்துவிட்டது. ஷிபினுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

விசாரணையில், எதையாவது பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். 'கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தது' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மே மாதம் வந்தேன். முதல் நாள் காலையில் துண்டோடு கிணற்றடிக்குக் கிளம்பினேன். நான்கு மரம் தாண்டினேன். ஐந்தாவது மரத்தில் சிரட்டை இல்லை, கம்பி மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. கபிரியேல் வந்து, "அண்ணா, எதையாம் தேடுதியளா?" என்று கேட்டான். அதன் பிறகு இறங்கவில்லை.

இங்கே எந்த மரத்திலும் கம்பி இருக்கக் கூடாது. இருந்தால் அது என்னவென்று தெரியும். வீட்டில் எல்லா மரத்திலும் இருக்கிறது. அதனால்தான் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை.

ஷிபினுக்கு இதெல்லாம் தெரியாது. நான் பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ஒரு வார்த்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

செல்வதாஸ்

—

குலசேகரம்
அக்டோபர் 5

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. வியாழன் லீவு போட்டு, மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, களியக்காவிளைக்குப் போனேன். விலாசம் இல்லாமல் போனதால், "காலு போன பட்டாளக்காரன்" என்று கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூன்று கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. நான்காவது ஆள், அவன் வந்த அன்று பாலத்திலிருந்து வீடு வரை ஃபிளெக்ஸ் கட்டி, மேளம் வைத்து அழைத்துப்போனதை விவரமாகச் சொன்னார். வீடு எது என்பது மட்டும் மறந்துவிட்டது.

ஷிபின் வாசலில் செயற்கைக் காலைப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நான் யாரென்று சொன்னேன். நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இதற்காக நீங்கள் கோபப்படலாம். கோபத்தை எழுதி அனுப்புங்கள், ரேஷன் வண்டி ஏறி வந்து சேரும்போது வாசித்துக்கொள்கிறேன்.

அவன் கேட்டுவிட்டு, செயற்கைக் காலை எடுத்து மாட்டிக்கொண்டான். பிறகு சொன்னான்: "டீச்சரே, நானும் பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"சாரு பாத்தத நானும் பாத்தேன். கம்பி இருந்து. எனக்கும் ஒண்ணும் தோணல்ல. நம்ம ஊருல கம்பி இல்லாத ரப்பர் மரம் உண்டுமா? எங்கிட்ட கேட்டப்பவும் பாக்கல்லன்னுதான் எழுதிக் குடுத்தேன். பாத்துட்டும் போயி சவுட்டி மிதிச்சவன்னு தெரிஞ்சா ஊருல சிரிப்பாவ. சாரு எனக்காச்சுட்டிதான், எம் மானம் போவாண்டாம்னுதான் வாய தொறக்கல்லன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

அவன் அம்மா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். "மரத்தப் பத்தி பேசினோம்," என்றான். ரப்பருக்கு இப்போது என்ன விலை போகிறது என்று அவள் என்னிடம் கேட்டாள்.

அவனுக்குப் பேச ஆள் இல்லை. முதல் மாதம் தினமும் வந்தார்கள். இப்போது அவன் ரோட்டில் போகிறவர்களை எண்ணுகிறான். கிளம்பும்போது, சாரிடம் எழுதச் சொல்லுங்கள் என்றான்.

சனிக்கிழமை கபிரியேலைக் கூப்பிட்டு, எல்லா மரத்திலும் கம்பியைக் கழற்றச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். "டீச்சரே, மழைக்கு வெட்டு நிறுத்தினா சரி. கம்பிய எதுக்குக் களத்துதிய? அது மரத்தக் கடிக்குமா?" என்றான். மரத்தைக் கடிக்காது என்றேன். இரண்டு நாள் ஆயிற்று. நானும் கூட நின்றேன். இருநூற்றுப் பதினான்கு மரம். கடைசி மரம் கிணற்றடியில். அங்கே நின்று வீட்டைப் பார்த்தேன். பின்பக்க ஜன்னல் சாத்தியே இருந்தது, போய்த் திறந்தேன்.

இனி உங்கள் இஷ்டம். டிசம்பர் என்று சொன்னதில் மாற்றம் இல்லை.

லீலா

—

முகாம்
அக்டோபர் 28

லீலா,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஷிபினுக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன், தபாலில் போடு. ஒட்டவில்லை. நீ வாசிக்கலாம்.

புதிய கமாண்டன்டிடம் போய், விசாரணையில் பொய் சொன்னேன், அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். அந்தக் கோப்பு மூடியாயிற்று, திறந்தால் இந்த வட்டாரத்தின் முன்னேற்றம் ஒரு படி இறங்கும், தேதி நெருங்குகிற சமயம் என்றார். என்னை நல்ல மனிதன் என்றும் சொன்னார். டீ ஆறும்வரை இருந்தேன்.

போன வாரம் ஒரு கிழவி கைப்பம்பில் தண்ணீர் அடித்தாள். முதல் தடவை. ஓடி வந்து போட்டோ எடுத்து மேலே அனுப்பினார்கள். பாராட்டுக் கடிதம் வந்தது. மறுநாள் காலையில் பம்பின் கைப்பிடியைக் காணோம். இந்த மாதப் படிவத்தில் 'மிக நன்று' போட்டிருக்கிறார்கள்.

லீவு கிடைத்துவிட்டது. டிசம்பர் 12 காலை ரயிலில் நாகர்கோவிலுக்கு வருகிறேன். ஓய்வு விண்ணப்பத்தை மறுபடி எழுதிக் கையிலேயே வைத்திருக்கிறேன். வீட்டில் என்னால் இருக்க முடிகிறதா என்று முதல் நாளே தெரிந்துவிடும். முடிந்தால் அன்றைக்கே குலசேகரம் தபால் நிலையத்தில் போட்டுவிடுவேன். முடியாவிட்டால் உன்னை ஏமாற்றிக்கொண்டு பத்தொன்பது நாள் இருக்க மாட்டேன். நீ பெங்களூர் போவதையும் தடுக்க மாட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நானே நடந்து வருகிறேன். கூட்டிக்கொண்டு போக ரோட்டுக்கு யாரும் வர வேண்டாம். தனியாக நடந்து பார்க்க வேண்டும். கிணற்றடியில் துண்டு வை.

செல்வதாஸ்

—

குலசேகரம்
டிசம்பர் 1

அத்தானுக்கு,

ஷிபினுக்கு உங்கள் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசிக்கவில்லை, வாசிக்கலாம் என்று நீங்கள் சொன்னதே போதும். அவன் இரண்டு முறை வாசித்துவிட்டு, சாருக்குக் கையெழுத்து மோசம் என்றான். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று அவன் அம்மா சொன்னாள்.

நம் சபையில் ஞாயிறன்று அறுப்பின் பண்டிகை. போர் முடியும் தறுவாயில் இருப்பதாகப் பத்திரிகையில் வந்திருந்ததால், போதகர் வெற்றிக்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். நான்கு நிமிடத்துக்கும் கூடுதலாக ஆயிற்று. பஸ்ஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. போர் முடிந்துவிட்டபடியால் ஜெபப் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் எடுக்கப்பட்டது. செல்வதாஸ் இன்னும் அங்கேதானே இருக்கிறார் என்று நான் செயலரிடம் கேட்டேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இதில் இல்லையே என்றார்.

பிரீனா 20ஆம் தேதி வருகிறாள். நான் பெங்களூரில் பார்த்த வீட்டுக்காரரிடம் 15ஆம் தேதி வரை சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் அவர் காத்திருக்க மாட்டார்.

கிணற்றைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டபடி ரோட்டுக்கு யாரும் வர மாட்டோம். கழற்றிய கம்பிகளும் சிரட்டைகளும் ஷெட்டில் கிடந்தன. நீங்கள் போகும்போது கண்ணில் படக் கூடாது என்று மூன்று சாக்கில் கட்டி, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன். பலாக்காய்களுக்கும் வாழைக்குலைகளுக்கும் பிறகு கடைசியாக ஏலம் போட்டார்கள். ஜெபதாஸ் அண்ணன் எடுத்தார். அவருடைய மரங்களுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. நம்மிடம் வேலை இல்லாததால் கபிரியேல் இப்போது அவரிடம் வேலைக்குப் போகிறான். நேற்று சாயங்காலத்துக்குள் ரோட்டிலிருந்து நம் வாசல் வரை, வழியின் இரண்டு பக்கமும் எல்லா மரத்துக்கும் கம்பி கட்டி முடித்துவிட்டான். சிரட்டை வைப்பது அடுத்த மாதம்.

லீலா